கத்திரிக்காய் குறித்து ஓர் அறிவிப்பு

தன்மேல் தானே புகார் சொல்லிக்கொண்ட மனிதர் விழுப்புரம் மாவட்டத்தில் ஒருவர்தான். அதையும் ஒலிபெருக்கியில் சொன்னவர் என்று பார்த்தால், இந்தப் பூமியிலேயே அவர் ஒருவர்தான். அவர் எங்கள் ஊர் மைக்செட்டு.

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். அதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவர் மனைவி செல்வி அக்காவே "எங்க வூட்டு மைக்செட்டு இன்னும் சாப்ட வரல" என்றுதான் சொல்வார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அங்கே காதுகுத்து முதல் கருமாதி வரை ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவது அவர்தான். மிச்ச நேரத்தில் ஏரிக்கரையை ஒட்டிய துண்டு நிலத்தில் கத்திரி போடுவார். குரல் கணீரென்று இருக்கும். மெதுவாகப் பேச அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடையில் நின்று அவர் ஒரு டீ கேட்டால் அடுத்த தெருவில் இரண்டு வீட்டில் அடுப்பு பற்றவைப்பார்கள்.

ஒருநாள் வேளாண்மை அதிகாரி ஒருவர் ஊருக்கு வந்து கூட்டம் போட்டார். பூச்சிமருந்து டப்பாவில் உள்ள முக்கோணத்தைக் காட்டி, சிவப்பு என்றால் கொடிய விஷம், மஞ்சள் அதற்குத் தம்பி என்று விளக்கினார். இந்த மருந்தை யாருக்கு விற்றோம் என்று கடைக்காரர் எழுதி வைக்க வேண்டுமாம். யாருக்காவது விஷம் ஏறினால் அரசாங்கத்துக்குத் தகவல் போக வேண்டுமாம். மருந்து அடித்த பிறகு டப்பாவில் போட்டிருக்கிற அத்தனை நாள் கழியாமல் காய் பறிக்கக் கூடாதாம். அடிப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்துக்குத் தெரியப்படுத்துவது நல்லதாம். எல்லோரும் பலமாகத் தலையாட்டினோம். டீயும் பிஸ்கட்டும் வந்தன. சாப்பிட்டுவிட்டு மறந்துபோனோம். மறக்காத ஒரே ஆள், அந்தக் கூட்டத்துக்கு வாடகைக்கு மைக் கட்ட வந்தவர்.

அடுத்த வாரம் பொழுது விடிந்ததும் ஏரிக்கரைப் பக்கமிருந்து குழாய் பேசியது.

"அன்புடையீர். நிகழும் மங்களகரமான வெள்ளிக்கிழமை காலை, எனது கத்திரித் தோட்டத்தில் மஞ்சள் முக்கோண மருந்து அடிப்பதாகப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டுள்ளது. தாங்கள் ஆடு, மாடு, கோழி, சுற்றமும் நட்பும் சூழ வராமல் இருந்து சிறப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஆடு வைத்திருக்கும் அஞ்சலை அக்கா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டார். "வாங்கன்னு பத்திரிக வக்கறவங்கள பாத்துக்கினுதான் இருக்கேன். வராதன்னு பத்திரிக வக்கற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அதோடு விட்டாரா? திண்டிவனத்து மருந்துக்கடையில் போய் நின்றுகொண்டு, "என் பேர எழுதினியா?" என்பார். "எழுதிக்கறேன், நீங்க கெளம்புங்க" என்பார் கடைக்காரர். "நீ எழுதறத பாத்துட்டுத்தான் பஸ் ஏறுவேன்." அவருக்காகவே அந்தக் கடையில் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அவர் நடந்தே வந்த நாளும் உண்டு.

பிறகு ஒருநாள் விழுப்புரத்துக்கே போனார். அதிகாரியின் அறைவாசலில் அரை நாள் காத்திருந்து உள்ளே நுழைந்தார்.

"மருந்து அடிச்சேங்க சார்."

"யாருக்காவது எதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆவலங்க."

"ஆவலன்னா எதுக்குய்யா வந்த?"

"ஒண்ணும் ஆவலன்னு தகவல் சொல்லத்தாங்க வந்தேன்."

அதிகாரி மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதை மைக்செட்டே எங்களிடம் பெருமையாகச் சொன்னார். அரசாங்கமே தன்னை நினைத்து யோசனையில் ஆழ்ந்துவிட்டதாக அவருக்கு எண்ணம்.

தன் தோட்டத்தோடு நிறுத்தியிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். அடுத்தவர் மருந்து அடிப்பது தெரிந்தாலும் குழாயைத் திருப்பிவிட ஆரம்பித்தார். என் அப்பாவின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைக்கு மருந்து அடிக்கப்போகும் சேதி, அப்பா எழுந்து பல் தேய்ப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன்.

"யோவ், என் வூட்டு சமாச்சாரத்த நீ இன்னாத்துக்கு மைக்குல போடற?"

"மருந்து வாடைக்கு எது ஒன் வூடு, எது என் வூடுன்னு தெரியுமாண்ணே? காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் போவுது. பக்கத்துல களை எடுக்கற பொம்பளைங்களுக்கு நீ சொன்னியா?"

அப்பா சொல்லவில்லை. சொல்லாத கோபத்தையும் சேர்த்து அவர்மேலேயே காட்டிவிட்டு வந்தார். ஆனால் அன்று எங்கள் கொல்லைக்குப் பக்கத்தில் யாரும் களை எடுக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அப்பாவும் கவனித்திருப்பார். சொல்லமாட்டார், அவர் ஜாதகம் அப்படி.

அந்தச் சண்டை ஆறுவதற்குள் எங்கள் வீட்டில் கல்யாணம் வந்தது. பெண் நான்தான். மாப்பிள்ளை வீடு விழுப்புரம் டவுன், மண்டபம் திண்டிவனம். சண்டை வேறு, விசேஷம் வேறு என்பது அப்பாவின் கொள்கை. குழாய், சீரியல் லைட்டு எல்லாம் மைக்செட்டு பொறுப்பு. எண்ணெய்க் கத்திரிக்காய்க்குக் காயும் அவர் தோட்டத்திலிருந்தே வரும் என்று முடிவானது.

இரண்டு நாளாக மைக்செட்டு மண்டபமே கதி என்று கிடந்து லைட்டு கட்டினார். ஊரில் செல்வி அக்கா தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் காயில் புழு. கல்யாணத்துக்குப் போகிற காயில் புழு நெளிந்தால் மானம் போய்விடுமே என்று பதறி, வீட்டிலிருந்த மருந்தை எடுத்து, கூலிக்கு ஆள் விட்டு காலையில் அடித்துவிட்டார். சாயந்திரம் பறித்து மூட்டை கட்டி வேனில் ஏற்றியும் விட்டார். வழக்கமாக மருந்து என்றால் ஊரே கேட்கும். அன்று கேட்கவில்லை. ஊரில் இருந்த குழாய் அத்தனையும் என் கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தாலி ஏறியது. முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தார்கள். பட்டுப்புடவையில் வந்திறங்கிய செல்வி அக்கா நேராக மைக் மேஜைக்குப் போய், "காய் எப்படிக்கீது பாரு. ஒரு புழு இருக்காது. நேத்து காலைல மருந்து வுட்டுட்டு சாயந்திரம்தான் பறிச்சேன்" என்றார்.

மைக்செட்டின் முகம் போன போக்கை மேடையிலிருந்தே பார்த்தேன். பந்தியில் காய் வைத்துக்கொண்டு போகிறார்கள். சாதம் இன்னும் வரவில்லை. இலைக்கு இலை பிள்ளைகள். சமையல்காரரிடம் ஓடிப்போய்க் காதில் சொல்ல நேரமில்லை. மைக்கில் சொன்னால் எல்லோரும் நிறுத்துவார்கள். அதோடு அவர் தொழிலும் நின்றுவிடும். கல்யாணத்தில் சாப்பாட்டைக் கெடுத்தவனுக்கு எவன் வெற்றிலை பாக்கு வைப்பான்? அவர் ஒரு மூச்சு யோசித்திருந்தால் அதிகம். நாதஸ்வரம் டக்கென்று நின்றது.

"முதல் பந்தியில் அமர்ந்திருக்கும் அன்பு உள்ளங்களுக்கு ஓர் அறிவிப்பு. எலைல வச்சிருக்கற கத்திரிக்காய யாரும் தொடாதீங்க. பசங்க கைய புடிச்சிக்குங்க. அது என் தோட்டத்துக் காயி. நேத்து காலைல மஞ்ச முக்கோண மருந்து அடிச்சி, நாள் கழியறதுக்குள்ள பறிச்சது. சமையல்காரர் மேல தப்பு இல்ல. பொண்ணு வூட்டுக்காரங்க மேல தப்பு இல்ல. தப்பு பண்ணவன் நான்."

பிறகு மருந்தின் பெயரைச் சொன்னார். கடைசியில் தன் பெயரையும் தகப்பனார் பெயரோடு சேர்த்துச் சொன்னார். யாரது என்று எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி பெயரை அவர் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. செல்வி அக்கா மேஜைக்குக் கீழே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

மண்டபம் சந்தையானது. அப்பா, "இன்னிக்கு ஒன்ன" என்று மைக் மேஜையை நோக்கிப் பாய, நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். "நல்லா கழுவித்தான் செஞ்சோம்" என்று சமையல்காரர் முணுமுணுத்தார். "கழுவினா போறதுக்கு அது சேறு இல்ல மாஸ்டர்" என்றார் மைக்செட்டு. இலைகள் மாறின. காய்க்கு எங்கே போவது? சமையல்காரர் வாசலுக்குப் போய், கட்டியிருந்த இரண்டு வாழைமரத்திலும் தாரை வெட்டிக்கொண்டு வந்தார். வாசல் தோரண வாழையை வறுத்துச் சாப்பிட்ட கல்யாணம் தமிழ்நாட்டில் என்னுடையது ஒன்றாகத்தான் இருக்கும். மைக்செட்டு மண்டபத்துக்குப் பின்னால் குழி வெட்டி, அண்டா கத்திரிக்காய் முழுவதையும் மாடு முகராத ஆழத்தில் புதைத்தார். ஒரு வாய் சாப்பிடாமல், மறுபடியும் விழுப்புரம் பஸ் ஏறி, நடந்ததைத் தகவல் சொல்லிவிட்டு வந்தார். இந்த முறை அதிகாரி எழுந்து நாற்காலி போட்டாராம்.

அன்று மாலை, புது மருமகளாகத் தலை குனிந்து நின்ற என்னிடம் மாமியார் வந்தார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. இந்தப் பேச்சு ஆயுசுக்கும் போகாது என்று பயந்துகொண்டிருந்தேன்.

"அந்த மைக்செட்டுக்காரரு உங்க ஊராம்மா?"

"ஆமாங்க அத்தை."

"நல்ல ஊர்லதான் பொண்ணு எடுத்திருக்கோம்" என்றார். அன்று வந்த அழுகையை நான் பிறந்த வீட்டைப் பிரியும் அழுகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மைக்செட்டு பயந்தது போலவே கொஞ்ச நாள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "மைக்செட்ட வச்சா கொழம்ப நிறுத்திடுவாரு, பேஜாரு" என்று திண்டிவனம் பக்கமே பேசிக்கொண்டது. என் கொழுந்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, விழுப்புரத்தில் ஆயிரம் பேர் இருக்க, மாமியார் பிடிவாதமாக அவரைத்தான் வரச்சொன்னார். "அவரு வாயத் தொறக்காம இருந்தா, பசங்களுக்கு தைரியமா ஊட்டிவுடலாம்" என்றார். பந்தி போட்டதும் எல்லோரும் முதலில் மைக் மேஜையைத்தான் பார்த்தார்கள். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். அதன் பிறகு அவருக்குத் தேதி கிடைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது.

இப்போது என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. இரண்டாவதைத் தாய்மாமனுக்கு எடுத்து வைத்திருந்தார் என் கணவர். நான் அதை வாங்கி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். என் தம்பி கொஞ்சம் பொறுத்துக்கொள்வான்.