கறிப்பலா இலையாக வெட்டிய ஜனவரி

பாலமா, ஹொனலுலு
12 மார்ச் 1934

ஹீலோவில் வீட்டையும் ஊரையும் ஒரே குரலில் அதட்டி மேய்த்துவரும் என் மூத்த அக்கா எமலியாவுக்கு, தம்பி எனோகா வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி லோகலியாவும் கோழிகளும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் எரிமலையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் அப்பாவின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. காப்பாற்றியவன் நான்.

அரசருக்கும், அவருக்குப்பின் அரசிக்கும் அப்பா இருபது வருஷம் அரண்மனையில் காரியஸ்தராக இருந்தாரே, அந்தக் காலத்துக் காகிதங்களையெல்லாம் ஆவணக் காப்பகத்தில் கேட்டார்கள். நான் பெட்டியோடு கொண்டுபோய் இறக்கினேன். அரசரின் சட்டைகளுக்குக் கஞ்சி போதவில்லை என்று வண்ணாருக்கு எழுதிய கடிதத்திலிருந்து, பிறந்தநாள் விருந்தில் எந்த இரண்டு சீமாட்டிகளைப் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது என்ற குறிப்புவரை, அப்பா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. காப்பக அம்மாள் நாட்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, எல்லாம் இருக்கு. அரசியைச் சிம்மாசனத்துலேருந்து இறக்கின அந்த 1893 ஜனவரி மட்டும் காணோமே?" என்றார். அதே நேரம், நம் அப்பாவோடு அரண்மனையில் வேலைபார்த்த தன் அப்பாவின் காகிதங்களைக் கொடுக்க வந்திருந்த பிலிப்போ, கேட்காமலேயே பதில் சொன்னான். "எப்படி இருக்கும்? அன்னிக்கு இவங்க அப்பா மீன் பிடிக்கப் போயிட்டாரு. அரசி பக்கத்துல நின்னது எங்க அப்பா." நானோ அப்போது மௌயித் தீவில் பள்ளி விடுதியில், நீங்களோ ஹீலோவுக்குப் போன புது மணப்பெண். நம் இருவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்பதற்காக நான் என்றைக்குப் பேசாமல் இருந்திருக்கிறேன்? "எங்க அப்பா அரண்மனைப் படியை விட்டு ஒரு அடி நகரல. திங்கட்கிழமை அந்தத் தாளைக் கொண்டாந்து உன் மூக்குக்கு நேரா நீட்டறேன்" என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். பாயைத் தூக்கிப் பார்த்தேன், கோழிக்கூண்டுக்குள்ளும் பார்த்தேன். லோகலியா ஊசியை நிறுத்தாமல், "அந்தத் தாளா? நல்ல கெட்டித் தாளாச்சே. நான் கல்யாணமாகி வந்த புதுசுல என் கறிப்பலாப் போர்வைக்கு, துணி மேல வெச்சு வெட்டற இலை வடிவத்தை அதுலதான் வெட்டினேன்" என்றாள். முதல் போர்வைக்குக் கறிப்பலா இலைதான் வெட்ட வேண்டும், அப்போதுதான் வீடு நிறையும் என்று அவள் அம்மா சொல்லியனுப்பியிருந்தாளாம். அதற்காக ஒரு மாதத்துத் தாள்களைச் சேப்பங்கிழங்குக் கூழால் ஒட்டி, எட்டாக மடித்து, கத்தரிக்கோலை விட்டிருக்கிறாள். ஒரு ராஜ்யம் கவிழ்ந்த மாதம், அக்கா! சரி, வெட்டியது வெட்டியதாகவே இருக்கட்டும், கொடு, காப்பகத்தில் கண்ணாடிக்குள் வைப்பார்கள் என்றேன். அப்போதுதான் ஊசி நின்றது.

"கண்ணாடிக்குள்ளயா? பிலிப்போ பொண்டாட்டி வந்து ரெண்டு நிமிஷம் நின்னாப் போதும், மனசுலயே மடிச்சு எடுத்துட்டுப் போயிடுவா. அடுத்த மாசம் அவ கட்டில்ல என் இலை கிடக்கும். துவைச்ச போர்வையைக்கூட உள்பக்கம் வெளியில தெரியற மாதிரிதானே காயப்போடறேன்? எதுக்காம்?"

"எங்க அப்பா மானம் போகுதுடி!"

"உங்க அப்பா செத்து இருபது வருஷமாச்சு. நான் உசிரோட இருக்கேன்."

மூன்று நாள் கெஞ்சினேன். கடைசியில் கதவை அடைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வாசலில் அவளே காவல் உட்கார்ந்து, என்னைப் படித்துப் பிரதி எடுக்க அனுமதித்தாள். அந்த நாள் நட்டநடுவில் இருந்தது. ஒரு வார்த்தை இருக்கும், அடுத்து ஓர் இலையளவு ஓட்டை இருக்கும். 'அரசி' என்று இருந்தது. 'படகை' என்று இருந்தது. அது அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து சிப்பாய்கள் வந்திறங்கிய படகல்லாமல் வேறென்ன? 'இடுப்பளவு' என்று இருந்தது. வாள் இடுப்பில்தானே தொங்கும்? 'மாலை வரை நின்றேன்' என்பது மட்டும் முழுசாக இருந்தது. வாளோடு மாலை வரை நின்றிருக்கிறார், அக்கா! ஓட்டைகளை நானே தக்கபடி நிரப்பி, அழகாகப் பிரதி எழுதி, திங்கட்கிழமை கொடுத்துவிட்டேன். காப்பக அம்மாள் இரண்டு முறை படித்துவிட்டு என்னையே பார்த்தார். மலைத்துப்போயிருப்பார். பிலிப்போ தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டான்.

ஆகவே கவலையை விடுங்கள். அத்தான் கடலுக்குப் போனால் நல்லபடியாகத் திரும்பட்டும், உங்கள் பேரப்பிள்ளைகள் கொழுகொழுவென்று வளரட்டும், உங்கள் முழங்காலுக்கு ஆண்டவர் இரங்கட்டும். அப்பாவின் பெயர் இனி யார் வாயிலும் கெடாது.

தங்கள் அன்புத் தம்பி,
எனோகா

பின்குறிப்பு: மேலே இருப்பதை யாருக்கும் படித்துக்காட்ட வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் லோகலியா ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றாள். வெட்டி எடுத்த துண்டுகளை எவளாவது பொறுக்கினால் வடிவம் தெரிந்துவிடும் என்று, இத்தனை வருஷமாக ஒன்றுவிடாமல் பூட்டிவைத்திருக்கிறாள். துண்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டைகளில் பொருத்தினோம். இப்போது அது இப்படி இருக்கிறது: 'காலையில் அரசி ஆளனுப்பினார். பயமாக இருந்தது. பின்வாசல் வழியாகப் போய்ப் படகை எடுத்தேன். பாறைத் திட்டருகே இடுப்பளவுத் தண்ணீரில் மாலை வரை நின்றேன். ஒரு மீனும் சிக்கவில்லை. சிக்கியிருந்தாலும் எந்த முகத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோவேன்.'

எனக்கு அழுகை வந்தது, அக்கா. பிறகு லோகலியா, "டப்பாவை அடுப்புல போட்டுடட்டுமா? யாருக்கும் தெரியாது" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் அந்தப் பெரிய தாளை மெதுவாக மடித்து, துண்டுகளோடு என் கையில் வைத்தாள். "அப்போ ரெண்டையும் கொண்டுபோய்க் கொடுங்க. ஓட்டையோட படிச்சா மாமா பாதி மனுஷனாத்தான் தெரியறாரு. இலையை யாரு வேணா வெட்டிக்கட்டும்."

நாளைக் காலையில் போய் என் பிரதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு இதைக் கொடுக்கப்போகிறேன். பிலிப்போ சிரிப்பான். சிரிக்கட்டும். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஈரத் துணியோடு உட்கார்ந்து, தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்ததைவிட மோசமாக அவனால் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது.