இடப்பக்க ஜன்னலைக் கைப்பற்றிய படலம்

வாழ்க தையற்காரர்! காலர்களின் காவலர், காஜாக்களின் கோமான், கொழுத்தோர் இளைத்தோர் என்று பாராமல் எல்லோர் இடுப்பையும் ஒரே நாடாவால் வளைத்த வேந்தர், தென்திசைக் கோட்டையும் ஏரியும் காணச் சென்ற சுற்றுலா வேனில் ஜன்னலோர இருக்கை ஒன்றைப் பொருது வென்ற புகழைப் பாடத் துணிந்தோம். பாதிவரை திறந்து அதற்குமேல் நகராத கண்ணாடியே, எம் நாவுக்குத் துணை நில்!

போருக்குக் காரணம் ஒரு தோள். கல்யாணமான புதிதில் இதே சாலை வழியே வந்தபோது ஜன்னலோரம் அமர்ந்த வேந்தர் உறங்கிப்போனார். தோளுக்கு அந்தப் பக்கம் ஏரி இருந்தது. இந்தப் பக்கம் மனைவி இருந்தார். ஆண்டுகள் பல கழிந்தபின், இச்சுற்றுலாவின் காலையில், விடுதியின் உணவு மேசையில், தம் அக்காளும் அக்காள் கணவரும் கேட்க, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி அந்த அம்மையார் சொன்னார்:

“ஏரின்னு யார் சொன்னாலும் எனக்கு இவரோட தோள்தான் ஞாபகம் வருது.”

அக்காள் கணவர் சிரித்தார். யார் அவர்? கார் ஓட்டும் பள்ளியின் அதிபர்; பழகுவோர் பக்கத்தில் அமர்ந்து, பிரேக்கில் ஒரு காலும் பிறர் குடும்ப விவகாரத்தில் மறு காலும் எந்நேரமும் வைத்திருப்பவர்; தையற்காரருக்குச் சகலை, ஆகவே பகைவர்.

“நீ கவலைப்படாதம்மா. ஏரிப் பக்கம் சீட்டு நான் புடிச்சுத் தர்றேன்.”

வேந்தர் கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். சகலை பிடித்துத் தந்த ஜன்னலில் தம் மனைவி அமர்ந்து ஏரி காண்பதா? அதைவிட ஏரி வற்றிப்போகலாம்.

கோட்டை வாசலில் வேன் நின்றது. ஓட்டுநர் எழுந்து, பயணிகளைப் பார்த்துத் திரும்பி நின்று பிரகடனம் செய்தார்: “கோட்டையைப் பாத்துட்டு சீக்கிரம் வாங்க. அடுத்தது ஏரிதான். இடது பக்கம் வரும். எறங்கிட்டா சீட்டு யாருக்கும் சொந்தமில்ல. அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.”

இடது பக்கம்! அப்பக்கத்து ஜன்னல்களில் ஒன்றை விளம்பரத் தாள் மூடியிருந்தது. ஒன்றைப் பெட்டிகள் அடைத்திருந்தன. ஒன்றில் கைக்குழந்தையோடு ஒரு தாய் இறங்காமலே இருந்தார். அவரோடு மோத வீரர் எவருக்கும் துணிவில்லை. தெளிந்த கண்ணாடி ஒன்றே எஞ்சியது. சகலைகள் இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல் இறங்கினார்கள்.

கோட்டை தன் வீழ்ச்சியை அன்றும் வழக்கம்போல் விற்றுக்கொண்டிருந்தது. எதிரிகள் எப்படிச் சூழ்ந்தார்கள், தண்ணீர் எப்படித் தீர்ந்தது, வடக்கு வாயிலை எவன் திறந்துவிட்டான் என்று வழிகாட்டி கண்ணீர் மல்க விவரிக்கையில், சகலை ஷூ நாடாவைக் கட்டுபவர்போல் குனிந்தார், குனிந்தவர் நிமிரவில்லை, குனிந்த நிலையிலேயே கூட்டத்தின் கால்களுக்கிடையே கரைந்தார். அவர் அணிந்திருந்ததோ நாடா இல்லாத ஷூ. கால்சட்டை முனையை நோக்கியே காலம் கழித்த வேந்தருக்கு அது தப்புமா? பாய்ந்தார்.

“என்னங்க, எங்க ஓடுறீங்க? பீரங்கி பாக்கலையா?”

பீரங்கியா! தாமே குண்டாய்ப் புறப்பட்டவர் பீரங்கியைத் திரும்பிப் பார்ப்பாரா? மதில்களிலிருந்து உருண்ட பாறைபோல், மதகு உடைந்த வெள்ளம்போல், தொப்பை முன்செல்லத் தாம் பின்தொடர, படிகளில் இறங்கினார். வேனருகே இருவரும் ஒருசேர வந்தனர். தையற்காரரின் கைக்குட்டை ஜன்னல் வழியே கழுகெனப் பாய்ந்து இருக்கையில் இறங்கியது. மறுகணம் சகலையின் தொப்பி சக்கரமாய்ச் சுழன்று அதன்மேல் அமர்ந்தது. பிறகு வாசலில் இரு வயிறுகள் மோதின, மதயானைகள் இரண்டு ஒரே சந்துக்குள் நுழைந்தாற்போல. வேன் ஆடியது, குழந்தை விழித்தது, ஓட்டுநர் வெளியே நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். முடிவில் ஒரே இருக்கையில் ஆளுக்கு ஒரு பாதி இடுப்பை ஊன்றிப் பொருதினர்.

“எந்திரிங்க சகலை. என் கைக்குட்டைதான் முதல்ல விழுந்துச்சு.”

“என் தொப்பி அதுக்கு மேல விழுந்துச்சு. மேல இருக்கறதுதான் கணக்கு.”

“தொப்பிக்கு மேல நான் உக்காந்திருக்கேன்.”

சகலை குனிந்து பார்த்தார். உண்மை. அவர் தொப்பியின் விளிம்பைப் பிடித்து இழுத்த அந்நேரத்தில், கோட்டை வாயிலிலிருந்து, சங்கும் முரசும் நாணும்படி அவர் மனைவியின் குரல் எழுந்தது: “என்னங்க! செருப்பு வார் அறுந்துபோச்சு! வந்து கையைப் புடிங்க!”

எத்தனை பேருக்கு பிரேக் போடக் கற்றுத்தந்தவர்! தமக்கு வந்த பிரேக்கின் முன் அவர் என் செய்வார்? நசுங்கிய தொப்பியை உருவிக்கொண்டு இறங்கினார். ஜன்னல் வேந்தருக்கானது.

அக்காளும் தங்கையும் மெல்ல வந்து ஏறினர். வேந்தர் எழுந்து நின்று, வென்ற நாட்டைக் காணிக்கை தருபவர்போல் கைநீட்டினார். “வா, உக்காரு. ஏரி உனக்குத்தான்.”

மனைவி நீட்டிய கையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். “டிரைவரு நம்மளப் பாத்து நின்னுல்ல சொன்னாரு? அவரோட இடது, நமக்கு வலது.”

“சட்டைக்குப் பை வைக்கிறவனுக்கே இடது வலது சொல்லித் தர்றியா?”

“நீங்க பை வைக்கிறது எதிர்ல நிக்கிறவரோட இடதுலதானே?”

வேந்தர் தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். “லெஃப்ட்னா லெஃப்ட்தான்மா. என் தொழிலே அது,” என்று பின்னிருந்து முழங்கினார் சகலை. வாழ்நாளில் முதன்முறையாகச் சகலைகள் ஒன்றுபட்டனர். அம்மையார் அக்காளை அழைத்துக்கொண்டு, யாரும் சீண்டாத வலப்பக்க ஜன்னலோரம் போய் அமர்ந்தார்.

வேன் புறப்பட்டது. வேந்தரின் ஜன்னலில் ஒரு மதில் வந்தது. மதில் முடிந்து இன்னொரு மதில் வந்தது. ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்ற வாசகம் நிமிர்ந்தும் சாய்ந்தும் தொடர்ந்தது. உயிரே போயினும் வென்ற மண்ணை விடுவதில்லை என்று அவர் கண்ணாடியில் நெற்றியை ஊன்றினார். ஊன்றிய நெற்றி மெல்லக் கனத்தது.

வலப்பக்கம் வானம் சட்டென்று அகன்றது. வெள்ளியை உருக்கிக் கொட்டியதுபோல், கரை தெரியாமல், நாரைகள் நடுவே நிற்க, ஏரி விரிந்தது. நடுவில் தோள் எதுவும் இல்லை.

“எவ்வளவு பெருசுடி!” என்றார் அக்காள். “அவரை எழுப்பட்டுமா?”

“வேணாம்க்கா. அன்னைக்கும் இப்படித்தான்.” ஏரியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

ஏரி கடந்த பிறகு தையற்காரர் எழுந்து, சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்துவார்கள் என்று கேட்டார்.