நடக்கவுடு டாக்டர்

கள்ளக்குறிச்சியில் நாலு கால் உள்ள எதையும் நிம்மதியாக நிற்கவிடாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் மாட்டு டாக்டர்தான். காய்ச்சலோ கழிச்சலோ, எதைக் கொண்டுவந்தாலும் முதலில் "நடக்க வுடுங்க" என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது.

நான் அவருடைய மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் டாக்டர் ஈர மணல் பரப்பி வைத்திருந்தார். மாடு அதில் நடந்து போனதும், தையல் டேப்போடு மண்டியிட்டுக் குளம்புத் தடங்களை அளப்பார். வலிக்கிற கால் எட்டியும் விழாது, அழுந்தவும் செய்யாதாம். ஒருமுறை மாப்பிள்ளை ஊர்வலத்தையே மறித்துவிட்டார்.

"மாப்ள, எறங்குங்க. குதிரைக்கு முட்டி வீங்கிகினு இருக்குது."

மாப்பிள்ளை மாலையோடு மண்டபத்துக்கு நடந்தார். குதிரை மணலுக்கு வந்தது.

வெள்ளிமலையிலிருந்து சின்னப்பாப்பா தன் எருதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். புருஷன் இல்லை. இருந்த ஒற்றை எருதைப் பக்கத்துக் காட்டுக்காரர் எருதோடு ஜோடி சேர்த்துத்தான் ஏர் ஓட்டினார்.

"முள்ளு ஏறிகிச்சு போல. எடுத்து வுடுங்கய்யா."

டாக்டர் அளந்தார். திரும்பவும் நடக்கவிட்டு அளந்தார். முள் இல்லை. இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது.

"இனிமே ஏர்ல பூட்டாதீங்கம்மா."

"பூட்டலைன்னா நான் இன்னாத்த துன்றது? கறிக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

டாக்டர் எருதை ஆஸ்பத்திரிக் கொட்டகையிலேயே கட்டச் சொன்னார். ஊசி, ஒத்தடம், ஓய்வு. கூலி வேலை இல்லாத நாளெல்லாம் சின்னப்பாப்பா மலையிறங்கி வந்து, அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு காலையில் எருது மணலில் வைத்த எட்டு கொஞ்சம் நீண்டிருந்தது. டாக்டர் டேப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கே ஓடினார்.

"ஜாஸ்தியாயிடுச்சு! ஜாஸ்தியாயிடுச்சு!"

டீக்கடையில் இருந்தவர்கள் அவருக்குச் சம்பளம் ஏறிவிட்டதென்று கை கொடுத்தார்கள்.

மழை பிடித்ததும் எட்டு மறுபடி சுருங்கியது. பிறகு எருது மணலிலேயே படுத்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து தூக்கியும் எழவில்லை. சொல்லியனுப்பியதும் வந்த சின்னப்பாப்பா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வலிக்குதா அதுக்கு?"

"வலிக்குதும்மா. ரொம்ப."

"இனிமே நடக்குமா?"

டாக்டர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"அப்ப, வலிக்காம போவ வுடுங்கய்யா."

ஊசிகளை எப்போதும் போடுகிறவன் நான். அந்த ஊசியை அவரே போட்டார். வெகுநேரம் அதன் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

சின்னப்பாப்பா வெறும் கயிற்றோடு பஸ்ஸுக்குக் கிளம்பினார். நாலு எட்டுக்கு ஒருதரம் நின்றார். டாக்டர் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடிப்போய்க் கூட நடந்தார். அந்த அம்மா நின்ற இடத்தில் நின்றார், நகர்ந்தபோது நகர்ந்தார்.

வாசலில் மாடுகளோடு காத்திருந்தவர்கள், "டாக்டர் எங்க?" என்றார்கள்.

"அந்தம்மாவ பஸ் ஏத்திவுடப் போயிருக்காரு. வர நேரமாவும்" என்றேன்.

ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மாடுகளை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.