மாப்பிள்ளை இல்லாத நிச்சயதார்த்தம்

“அண்ணன் துக்கத்துக்குப் போயிருக்காங்க” என்றார் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் தியாகராசன்.

மதிவாணனுக்கு எரிச்சலாக வந்தது. போன முறை வந்தபோது கல்யாணம். அதற்கு முந்தைய முறை வளைகாப்பு. தொகுதியில் யாராவது பிறந்தாலோ செத்தாலோ ஒழிய அந்த மனிதரைக் கண்ணால் பார்க்க முடியாது போலிருந்தது.

கையில் மனு இருந்தது. அவனும் பாசித்தும் நிலோஃபரும் கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து எழுதியது. பருவம் மாறிவிட்டது, அறுப்பு நேரத்தில் மழை கொட்டுகிறது, டெல்டாவுக்கென்று ஒரு திட்டம் வேண்டும் என்று சட்டசபையில் கேளுங்கள். அவ்வளவுதான் விஷயம். வலங்கைமான் பக்கத்தில் மதிவாணன் வீட்டு நெல் தண்ணீரில் சாய்ந்து முளைவிட்டுக் கிடந்தது. இன்னொரு தை மாதம் இப்படிப் போனால் நிலத்தை விற்று அவனைத் துபாய்க்கு அனுப்பிவிடுவதாக அப்பா அமிர்தலிங்கம் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிறவர்.

“மனுவைக் கொடுத்துட்டுப் போங்க தம்பி.”

“நேர்ல பேசணும் சார். ரெண்டே நிமிஷம்.”

“அப்ப வீட்ல ஏதாவது விசேஷம் வைங்க. விசேஷம்னா அண்ணன் தட்டவே மாட்டாங்க” என்று சிரித்தார் தியாகராசன்.

மதிவாணன் சிரிக்கவில்லை. “வியாழக்கிழமை விசேஷம்தான் சார். தங்கச்சி வானதிக்குக் காதுகுத்து.”

“தங்கச்சிக்கு என்ன வயசு?”

“பத்தொன்பது.”

தியாகராசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

“நிச்சயதார்த்தம் சார். பதற்றத்துல மாத்திச் சொல்லிட்டேன்.”

“மாப்பிள்ளை?”

“துபாய்ல சார். லீவு கிடைக்கல.”

டெல்டாவில் அதற்குமேல் யாரும் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பதில்லை. தியாகராசனும் கேட்காமல் டைரியில் குறித்துக்கொண்டார்.

வீட்டில் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மதிவாணன் நினைத்திருந்தான். கட்சிக்காரர்கள் அவனைவிட வேகமாக இருந்தார்கள். மகளுக்கு நிச்சயதார்த்தம் என்பதை அம்மா கமலாம்பாள் முச்சந்தியில் கட்டியிருந்த பேனரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

“யாருடா மாப்பிள்ளை?”

“யாருமில்லம்மா.”

“யாருமில்லாதவனுக்கா பொண்ணைக் குடுக்கறோம்?” என்று அழ ஆரம்பித்தாள்.

வானதிதான் நிதானமாக இருந்தாள். “மாப்பிள்ளையே இல்லாத நிச்சயதார்த்தம்னா எனக்குச் சம்மதம். படிச்சு முடிக்கிறவரைக்கும் யாரும் பொண்ணு பார்க்க வரமாட்டாங்கல்ல?”

அப்பா கொல்லைப் பக்கம் போய் வயலைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, “எம்.எல்.ஏ. வயலைப் பார்ப்பாரா?” என்றார்.

“பார்க்க வைக்கிறேம்ப்பா.”

“அப்ப வாழைமரம் கட்டு.”

பேனரைப் படமெடுத்து யாரோ அனுப்ப, எங்களுக்குச் சொல்லாமல் நிச்சயமா என்று திருவிடைமருதூரிலிருந்து மாமாவும் அத்தையும் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். சமையலுக்கு ஆள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்கே என்று மாமா கேட்டதும், பாசித்தும் நிலோஃபரும் கல்லூரி நண்பர்களைத் திரட்டிக்கொண்டு பழத்தட்டுகளோடு வந்து இறங்கினார்கள்.

“நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும் தம்பி?” என்றாள் அத்தை.

“துபாய்ல பக்கத்து ரூமுங்க” என்றான் பாசித். அவன் துபாய்க்குப் போனதே இல்லை. அங்கே வேலை பார்க்கும் அவன் அத்தா போனில் வெயிலைப் பற்றி மட்டுமே பேசுவார் என்பதால், அத்தைக்கு அந்த ஊர் வெயிலை விரிவாகச் சொன்னான்.

மனுவைத் தாம்பூலத் தட்டில் வைத்து, சந்தனம் கொடுக்கும்போது எம்.எல்.ஏ. கையில் கொடுத்துவிடுவது நிலோஃபரின் யோசனை. தட்டில் வெறும் காகிதத்தைப் பார்த்த கமலாம்பாளுக்கு மனசு கேட்கவில்லை. விசேஷ வீட்டில் மஞ்சளில்லாத காகிதமா? நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்துவிட்டாள்.

எம்.எல்.ஏ. வந்தார். மாலை போட்டார்கள். மஞ்சள் தடவிய காகிதம் லக்னப் பத்திரிகை அல்லாமல் வேறென்னவாக இருக்க முடியும்? மாமா அதை எடுத்துப் பணிவாக நீட்டினார். “உங்க வாயால வாசிங்க.”

எம்.எல்.ஏ. தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார். “ஐயா, மூன்று ஆண்டுகளாகத் தை மாதத்தில் பெய்யும் மழையால்...”

நிறுத்தினார்.

“பத்திரிகையில மழையெல்லாமா போடறாங்க?” என்றாள் அத்தை.

மதிவாணன் இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்று எழுந்து நின்றான். “மன்னிச்சுடுங்க ஐயா. மாப்பிள்ளைன்னு யாரும் இல்லை. நெல்லுதான் இருக்கு. கொல்லைப் பக்கம் வந்து ஒரு தடவை பாருங்க.”

எம்.எல்.ஏ. மீதி மனுவை மனசுக்குள் படித்தார். எழுந்து கொல்லை வழியாக வரப்பில் இறங்கினார். முளைவிட்ட கதிர் ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பார்த்தார். மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் காரில் போய் உட்கார்ந்தார்.

எல்லாம் போச்சு என்று மதிவாணனுக்குத் தோன்றியது. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

காரிலிருந்து தியாகராசன் மட்டும் இறங்கித் திரும்பி வந்தார். போலீஸில் சொல்லப்போகிறாரோ என்று பாசித் வாழைமரத்துக்குப் பின்னால் நகர்ந்தான். தியாகராசன் மதிவாணன் தோளில் கைபோட்டு, பந்தலுக்கு வெளியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“கல்யாணத் தேதியைச் சீக்கிரம் குறிச்சுச் சொல்லுங்க தம்பி. இதே மழையைப் பத்திப் பேச அண்ணன் ஆறு மாசமா மந்திரியைத் தேடி அலையறாங்க, அவரும் விசேஷம்னாத்தான் வருவாரு.”