வெட்டி ஒட்டிய வாழ்த்து

பேப்பரை விடுவதில்லை என்று வரைபடக்காரர் தீர்மானித்துவிட்டார். உயிரே போனாலும் சரி, ஒரு தாளைக்கூட விடுவதில்லை. இந்த வீரத் தீர்மானத்தை அவர் குளியலறைக்குள், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் உரக்கச் சொன்னார். வெளியில் வந்து சொல்லும் அளவுக்குத் தீர்மானம் இன்னும் முற்றவில்லை.

அவருக்கு நில அளவை ஆபீஸில் வரைபடம் போடும் உத்தியோகம். ஆபீஸில் படம் போடுவார், வீட்டில் படம் காட்டுவார் என்பது மனைவியின் கணிப்பு. சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு பழக்கம், தாள் சேர்ப்பது. பரிசுப் பொட்டலத்தைச் சுற்றி வந்த ஜிகினாத் தாள், சட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த மெல்லிசுத் தாள், சோப்பு உறை, பிஸ்கட் உறை, ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய வரைபடம், எது கிடைத்தாலும் நீவி, மடித்து, பின்னறையில் அடுக்கிவிடுவார். கேட்டால், "என்னைக்காவது உதவும்" என்பார். அந்த என்னைக்காவது எந்தக் காலண்டரிலும் வரவில்லை. அந்தக் காலண்டர்களும் பின்னறையில்தான் இருந்தன.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு டூட்டி. காலையில் வந்து கூடத்து சோபாவில் காலை மடக்கிக்கொண்டு படுப்பாள். கண் அசரும்போது பால்காரர் மணியடிப்பார். அவர் போனால் டெலிபோன். அது நின்றால் மாடிவீட்டு மிக்சி. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் அவள் டெலிபோனை எடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, தெர்மாமீட்டர் வைக்கப் பார்த்தாள். வீட்டில் அமைதியான அறை ஒன்று உண்டு. அதில்தான் பேப்பர் படுத்திருந்தது.

"ஏங்க, அந்த ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. ஒரு கட்டில் போட்டுக்கறேன்."

"பண்ணலாம்மா. பண்ணலாம்."

"எப்போ?"

"கொஞ்சம் பிரிச்சுப் பாத்துட்டு..."

"நீங்க பிரிச்சுப் பாத்து முடிக்கறதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துடும். அடுத்த வாரம் பழைய பேப்பர்காரர் வரார். சொல்லிட்டேன்."

குளியலறைத் தீர்மானம் பிறந்தது அன்றைக்குத்தான்.

வழி ஆபீஸில் கிடைத்தது. டைப்பிஸ்டுக்குப் பிறந்தநாள். யாரோ கையால் செய்து அனுப்பிய வாழ்த்து அட்டையைச் சுற்றி எல்லோரும் கூட்டமாக நின்றார்கள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கிற ஒட்டுப்போர்வை மாதிரியே, கலர் தாள்களை முக்கோணமும் சதுரமுமாக வெட்டி, நடுவில் ஒரு நட்சத்திரம் வருகிற மாதிரி ஒட்டியிருந்தது. ஒரு துண்டு பூப்போட்டது, பக்கத்துத் துண்டு கோடுபோட்டது.

"இதுக்கு எத்தனை விதமான தாள் வேணும் பாருங்க! எங்க போய்த் தேடறது?" என்றாள் டைப்பிஸ்ட்.

வரைபடக்காரரின் மூளைக்குள் விளக்கு எரிந்தது. இந்தப் பைத்தியத்தை மனைவிக்குப் பிடிக்க வைத்துவிட்டால்? குப்பை என்று அவள் சொல்லும் தாளெல்லாம் அன்றைக்கே மூலப்பொருள் ஆகிவிடும். மூலப்பொருளை யாராவது எடைக்குப் போடுவார்களா? அவளே அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்!

அன்று மாலையே பசை டப்பா, சின்னக் கத்தரி, வெள்ளை அட்டை எல்லாம் வாங்கிவந்தார். மாதிரிக்கு ஒன்று செய்தார். மறுநாள் காலை அவள் டூட்டி முடிந்து வரும் நேரம் பார்த்துச் சாப்பாட்டு மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, எதுவும் தெரியாதவர் போல் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது.

"என்னங்க இது?"

"எது? ஓ, அதுவா? வாழ்த்து அட்டை."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. சும்மா. இப்போ எல்லார் வீட்டுலயும் இதான். மனசுக்கு ரொம்ப அமைதியாம். அதுவும் நைட் டூட்டி பாக்குறவங்களுக்கு ரொம்ப நல்லதாம்."

"யார் சொன்னா?"

"பொதுவாச் சொல்றாங்க."

அவள் அட்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பின்னறைக் கதவைப் பார்த்தாள். அந்த மூன்று பார்வையையும் அவர் சேர்த்துப் படித்திருக்க வேண்டும். அவரோ செய்தித்தாளைத் திருப்பிப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா நிறைய தாள் வேணுமே?"

"நம்மகிட்ட இல்லாத தாளா!"

"அப்போ பேப்பர்காரரை வர வேண்டாம்னு சொல்லிடவா?"

"சொல்லிடு, சொல்லிடு! இரு, நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

செருப்புகூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். திரும்பி வரும்போது எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் தன் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டார். "எனக்கென்னமோ பயமா இருக்கு சார். பிடுங்க ஆரம்பிச்சா ஒண்ணோட நிக்காது. என் அனுபவம்."

"நீங்க ஒண்ணு டாக்டர்! நகத்தளவு துண்டு. என் ரூம்ல இருக்கிறதை வெட்டி முடிக்க அவ இன்னும் ஏழு தடவை பிறக்கணும்."

"உங்க வீட்டம்மாவுக்கு நீங்க உதவி பண்ண மாட்டீங்களே?"

"நானா? எனக்கென்ன வெட்டி வேலை?"

முதல் வாரம் சொர்க்கமாகப் போனது. அவள் டூட்டி இல்லாத நேரமெல்லாம் வெட்டினாள், ஒட்டினாள். பல் டாக்டரின் மனைவிக்குத் திருமண நாள் வாழ்த்து. மாடிவீட்டுக்காரருக்கு ஜலதோஷம் விட்டதற்கு வாழ்த்து. பால்காரர் புது சைக்கிள் வாங்கியதற்கு வாழ்த்து. தெருவில் சும்மா தும்மினால்கூட வாழ்த்து வந்துவிடுமோ என்று ஜனங்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

இரண்டாம் வாரம் அவர் பின்னறைக்குள் போனார். அடுக்கின் மேலிருந்த தாள் ஒவ்வொன்றிலும் நட்டநடுவில் ஓர் ஓட்டை.

"ஏம்மா, ஓரத்துல வெட்டக் கூடாதா?"

"ஓரத்துல வெறும் வெள்ளைதானேங்க இருக்கு? பூ நடுவுல இருக்கு."

"இது என்ன தாள் தெரியுமா? நம்ம முதல் ரேடியோ வாங்கினப்போ பெட்டிக்குள்ள வந்தது!"

"ரேடியோ எங்கே?"

"அது... எடைக்குப் போட்டாச்சு."

"ரேடியோவைப் போட்டுட்டு அதைச் சுத்தின தாளை வெச்சிருக்கீங்க."

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அதை வெளியில் சொன்னால் தனக்கே சரியாகப் படாது என்பதும் தெரிந்தது.

"சரி, ஓட்டை விழுந்ததையெல்லாம் என்ன பண்றது?" என்றாள் அவள்.

"இருக்கட்டுமே."

"எதுக்கு? ஓட்டை வழியா என்னைப் பாத்துக்கிட்டே இருக்கவா?"

என்னைக்காவது உதவும் என்று சொல்ல வாயெடுத்தார். ஓட்டைத் தாள் என்றைக்கு உதவும் என்று அவராலேயே கற்பனை பண்ண முடியவில்லை. ஓட்டைத் தாள்கள் வாசல் குப்பைத்தொட்டிக்குப் போயின. யோசனை தன்னுடையது என்பதால் வாயைத் திறக்கவும் வழியில்லை.

அடுத்தது ஆஸ்பத்திரி. எலும்பு முறிந்து, கால் கட்டோடு மாசக்கணக்கில் படுத்திருக்கிறவர்களுக்குப் பொழுது போகவில்லையாம். ஒருநாள் அவள் கொஞ்சம் தாளும் பசையும் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டதாம்.

"பெரிய டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. கை விரலுக்கு நல்ல பயிற்சியாம். இன்னும் கொண்டு வர முடியுமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரருக்குத் தாராள மனசுன்னு சொன்னேன்."

இப்படி ஒரு பட்டம் கொடுத்துவிட்டால் மனுஷன் என்ன செய்வான்? கால் உடைந்தவன் கேட்கிறான், தர மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பை பையாகத் தாள் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். வாழ்த்து அட்டை என்று நினைத்துத்தான் வீட்டுக்குள் விட்டார். அது காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டை என்பது இப்போதுதான் உறைத்தது. துக்கம் தாள முடியவில்லை. தாளும் முடிந்துகொண்டிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் இன்னொரு கூத்து. ஒரு சாயங்காலம் அவள் வெட்டிக்கொண்டிருந்த முக்கோணத்தைத் தற்செயலாகப் பார்த்தார். ஒரு பக்கம் கோணல். எத்தனையோ வருஷமாக அங்குலம் பிசகாமல் கோடு போட்டவர். அவருக்குப் பல் கூசியது.

"என்ன வெட்டு வெட்டுற? இப்படி வெட்டினா நட்சத்திரம் எப்படிக் கூடும்? நொண்டிக்கிட்டு நிக்கும்."

"எனக்கு இவ்ளோதாங்க வருது."

"கொண்டா இங்க. ஸ்கேல் எங்கே?"

அதோடு சரி. ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் கத்தரியைக் கையில் எடுத்தார். எட்டுமுனை நட்சத்திரம் போட்டார். காற்றாடிச் சக்கரம் போட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அடடா! இந்த மூலையைப் பாருங்களேன், மயிரிழை இடைவெளி இல்ல!" என்பாள். அந்த வார்த்தைக்காக அவர் இன்னும் நாலு தாளைக் காவு கொடுப்பார்.

உசத்தித் தாள்களில் தங்கக் கலர் தாள் ஒன்று மட்டும் பாக்கி. அதைக் கூடத்துப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அவள் அதைத் தேடவே இல்லை.

"உங்க ஆபீசருக்குப் பிரமோஷன் வந்திருக்காமே," என்றாள் ஒருநாள். "அட்டை அனுப்பலாம். ஆனா பிஸ்கட் உறையில செஞ்சா மரியாதையா இருக்காது. பரவாயில்ல, மத்தவங்க ஏதாவது நல்லதாக் குடுப்பாங்க. விடுங்க."

விடுவாரா? அவரே பீரோவை நகர்த்தினார்.

அட்டை ஆபீசரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இடம் பிடித்தது. பூரிப்பு அடங்காமல் அன்று வீட்டுக்கு வந்து, அடுத்த வேலைக்குத் தாள் எடுக்கப் பின்னறைக் கதவைத் திறந்தார். தரை தெரிந்தது. பச்சைத் தரை. தன் வீட்டில் பச்சைத் தரை இருக்கிற விஷயமே அவருக்கு மறந்துபோயிருந்தது. எதிரே பெரிய ஜன்னல் ஒன்று வெயிலைக் கொட்டிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றுமே இல்லை.

அவர் கலங்கியது தாளுக்காக மட்டும் இல்லை. நாளைக்கு எதை வெட்டுவது?

மறுநாள் ஆபீஸில் ஒரு குப்பைத்தொட்டி விடாமல் அலசினார். டைப்பிஸ்டிடம் கெஞ்சினார். பண்டகசாலைக்காரரைப் பிடித்து, வரைபடம் சுற்றிவந்த கெட்டித் தாளெல்லாம் வாங்கினார். அரை நாள் லீவு போட்டு, பெரிய கட்டோடு மத்தியானமே வீடு வந்து சேர்ந்தார்.

பின்னறையில் கட்டில் போட்டிருந்தது. வெள்ளை விரிப்பு. தலைமாட்டில் தண்ணீர்க் கூஜா. அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுப் படுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"அட்டை வேலை?" என்றார் வாசலிலேயே நின்று.

"முடிஞ்சுடுச்சுங்க."

"எப்படி முடியும்? நல்லாத்தானே போயிட்டிருந்தது!"

"ரூம் காலியாயிடுச்சே."

கையிலிருந்த கட்டு கனத்தது. "அப்போ... முதல் நாளே உனக்குத் தெரியுமா?"

"பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, 'பொதுவாச் சொல்றாங்க'ன்னீங்களே. நான் எத்தனை பேஷண்ட் பாத்திருக்கேன்."

"அட்டை மேல ஆசைன்னு நெனச்சேன்."

"தூக்கத்து மேல ஆசைங்க," என்றாள் அவள்.

சண்டைக் குரலாகச் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு வட்டம் தெரிந்தது. இத்தனை நாளில் ஓரத்து மயிரிழையெல்லாம் பார்த்தவர் அதைப் பார்த்திருக்கவில்லை. அவருக்குக் கோபப்படத் தோன்றவில்லை. பட்டாலும் எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

அவள் கட்டை வாங்கிப் பிரித்தாள். ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். "நல்ல கெட்டித் தாள்."

"இல்லையா பின்ன!" அவருக்கு உயிர் வந்தது. "பொறுக்கி எடுத்தது."

"துளி வெளிச்சம் ஊடுருவல பாருங்க." ஜன்னலைப் பார்த்தாள். "இந்த வெயில்தான் கண்ணைக் குத்துது."

ஸ்டூலை அவரே கொண்டுவந்தார். பசையையும் அவரே எடுத்தார். சும்மா ஒட்டினால் போதும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. அளந்தார், வெட்டினார். நீலத்துக்குப் பக்கத்தில் பழுப்பு, பழுப்புக்குப் பக்கத்தில் கோடு. ஒவ்வொரு துண்டாக வெயில் அணைந்தது. ஜன்னல் முழுக்க ஒரு பெரிய எட்டுமுனை நட்சத்திரம் எழுந்து, அறை இருட்டியது. அவர் வாழ்நாளிலேயே பெரிய வேலை அதுதான். ஸ்டூலில் நின்றபடியே பாராட்டுக்குத் திரும்பினார்.

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க," என்றாள் கண்ணைத் திறக்காமலே. "கதவுலயும் ஒரு கண்ணாடி இருக்கு. அதையும் ஒட்டிடுங்க."

"இதோ, இப்பவே!"

"வெளியில நின்னு."