மூன்றாவது விசிலுக்குப் பிறகும் இறக்காத குக்கர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் சௌக்கியம். இரண்டு பேருடைய இருபது கைவிரலும் அப்படியே இருக்கின்றன. இதை முதலில் சொல்லாவிட்டால் நீ மேற்கொண்டு படிக்க மாட்டாய். உன் வீட்டிலும் எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஆலையில் கொதிகலன் பார்ப்பவனாயிற்றே என்று, நீராவி இன்ஜின் செய்வது எப்படி என நான்கு பக்கம் கேட்டு எழுதினால், "அக்கா, வேண்டாம்" என்று இரண்டே வார்த்தையில் கார்டு போட்டாயே, உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தது இதற்குத்தானா? இருக்கட்டும். நீ இல்லாமலே செய்துவிட்டேன்.

ஏன் செய்தேன் என்று கேள். மின்கம்பம் எங்கள் வீட்டுக்கு நான்கு வயல் முன்னாடியே நின்றுபோய் மூன்று வருஷமாகிறது. சோலார் வைக்கலாம் என்றால் தலைக்கு மேலே எங்கு பார்த்தாலும் மரம், வெயில் கீழே இறங்குவதே இல்லை. ஆனால் விறகுக்குப் பஞ்சமில்லை. நாங்கள் பாட்டுக்கு அரிக்கேன் விளக்கோடு நிம்மதியாக இருந்தோம். போன மாதம் என் பெண் வந்தாள், இருட்டில் வாசற்படி தடுக்கி முட்டியைப் பேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். "அடுத்த மாசம் முதல் ஞாயிறு வருவேன். சுவிட்சைப் போட்டா லைட் எரியணும். இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்களோட கிளம்புங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டில் பத்து நாள் இருந்து பார்த்தவள் நான். டம்ளர் வைக்க ஓரிடம், கழுவ ஒரு நேரம், தும்மினால் மாத்திரை. பாசம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் எனக்கு என் வீட்டில், கண்ட இடத்தில் டம்ளரை வைத்துவிட்டு, என் இஷ்டத்துக்கு இருக்க வேண்டும். அதற்காக நீராவி என்ன, எரிமலையையே வாங்கிக் கொல்லையில் கட்டிப் போடுவேன்.

பெரிய குக்கர்தான் கொதிகலன். வெல்டிங்காரர் மூடியில் துளை போட்டுச் செம்புக் குழாயும் ஆவியைத் திறந்து மூட ஒரு திருகும் வைத்துக் கொடுத்துவிட்டு, "நான் செஞ்சேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா" என்று சைக்கிளை மிதித்தபடியே சொன்னார். உன் அத்தானின் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து சிலிண்டரும் பிஸ்டனும். சக்கரம் என் தையல் மெஷினுடையது. முப்பது வருஷம் தைத்த மெஷின், கழற்றும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டு கழற்றினேன். அதில் பெல்ட் மாட்டி ஒரு டைனமோ, டைனமோவிலிருந்து ஒரு சுவிட்சும் பல்பும். மூன்று விசில் வந்ததும் திருகைத் திறந்தால் சக்கரம் சுற்ற வேண்டும். சுற்றியது. நாலே சுற்று, நின்றுவிட்டது. பிஸ்டன் வளையத்தை மாத்தினேன், நாலு சுத்து. பெல்ட்டை மாத்தினேன், நாலு சுத்து. இப்படியே ஒன்பது நாள் போச்சுடா. பத்தாம் நாள் உன் அத்தான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இன்ஜினை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்ல. மூணாவது விசில் வந்ததும் நீ குக்கரை இறக்கி வெச்சிடறே."

"நானா? எப்போ?"

"இப்போதான். பிடிதுணி இன்னும் உன் கையிலதான் இருக்கு."

நாற்பது வருஷப் பழக்கம், கை நம்மைக் கேட்டா செய்கிறது? வேலியோரம் போய் நில் என்றார். நின்றேன், மூன்றாவது விசில் கேட்டதும் கால் தானாக ஓடி வந்தது, கை குக்கரை இறக்கிவிட்டது. கடைசியில் என்னை நாலு வயல் தாண்டி அனுப்பிவிட்டு, அடுப்புக்கும் திருகுக்கும் காவலாக அவரே உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பிலிருந்து ஒரு பாத்திரம்கூட இறக்கியறியாத மனுஷன், மூணு விசில் என்ன, முப்பது வந்தாலும் அசைய மாட்டார். அந்தக் குணம் ஒருநாள் உதவும் என்று யார் கண்டது! நான் திரும்பி வந்தேன், பல்பு எரிஞ்சுதுடா தம்பி! மங்கலாத்தான், ஆனா எரிஞ்சுது. நான் அழுதேன். அவர் "ம்" என்றார்.

குக்கர் வெயிட் துள்ளிக் கூரையில் ஒரு ஓட்டை உடைத்தது உண்மை. ஓடு மாற்றியாகிவிட்டது, உபதேசம் வேண்டாம். அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றும் நல்ல பாதுகாப்பு வால்வு ஒன்றும் உடனே அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், நானா அவளா பார்த்துவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். நீ நீண்ட ஆயுளோடும், அக்காவுக்கு இருப்பதில் பாதித் தைரியத்தோடும் இருக்க வாழ்த்தும்,

அக்கா

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிறும் வந்தது, மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள், சுவிட்சைப் போட்டாள், விளக்கு எரிந்தது. ஜெயித்துவிட்டேன். இன்ஜின் முன்னால் உட்கார்ந்த மாப்பிள்ளை சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "லைட்டுதாம்மா குறையா இருந்துச்சு, இனிமே என்ன? நாங்களும் இங்கேயே வந்திடறோம்" என்றாள். அங்கே வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியும் விட்டார்களாம். புதன்கிழமை சாமான் வண்டி வருகிறது. மீட்டர், வால்வு எதுவும் அனுப்பாதே. இந்த இன்ஜின் இனி ஜென்மத்துக்கும் ஓடாமலிருக்க எதைப் பிடுங்க வேண்டும் என்று மட்டும் மறுதபாலில் எழுது. உன் அத்தானுக்குத் தெரிய வேண்டாம், அவர் இரண்டாவது பல்புக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறார்.