பல்கலைக்கழகச் சொத்துக்கு நான் போட்ட கூரை

கண்டியில் மழை பெய்யும்போது நீங்கள் நனையாமல் நிற்கிறீர்கள் என்றால், அநேகமாக அது என் கூரையாகத்தான் இருக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அடக்கமாக ஆரம்பித்துப் பார்த்தேன், வரவில்லை.)

குட்ஸ் செட் பஸ் நிலையத்துப் பக்கம் பழக்கடைக்காரர்கள் உட்காரும் சாய்ப்பு நான் போட்டது. ஹேவாஹெட்ட போகும் வழியில் ஓட்டோக்கள் ஒதுங்கும் கொட்டகை நான் போட்டது. தெல்தோட்டைப் பக்கம் கோயில் முன்மண்டபங்கள், ஒரு அரசாங்கக் கந்தோரின் சைக்கிள் கொட்டகை, கல்யாணப் பந்தல்கள், மாட்டுக் கொட்டில்கள் எல்லாம் நான் போட்டவை. கையில் ஒரு சுத்தியலும் இரவல் ஏணியும் மட்டும் வைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி வந்தவன், இன்று கண்டியில் தகரக்கடை முதலாளி. படிப்பு ஆறாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடக் கூரை ஒழுகும். மழை வந்தால் வாத்தியார் லீவு விட்டுவிடுவார். மலைநாட்டில் எத்தனை நாள் மழை என்று உங்களுக்கே தெரியும். ஆக, என்னைப் படிக்கவிடாமல் செய்தது மழை. அன்றிலிருந்து அதற்கும் எனக்கும் தீராப் பகை. எங்கே எது நனைந்தாலும் என் கை துடிக்கும்.

நான் கட்டியதிலேயே உயரமானது என் மகள் சுகந்தி. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். ("படிச்சது நான்தானேப்பா" என்பாள். படித்தது அவள்தான். நனையாமல் படித்தாளே, அது யாரால்?)

மலைச்சரிவுகள் ஏன் மழைக்காலத்தில் சரிந்து விழுகின்றன என்பது அவளுடைய ஆய்வு. அதற்குப் பல்கலைக்கழகம் நிதி கொடுத்தது. நிதிக்குப் பின்னாலேயே விதிமுறைகளும் வந்தன. ஒரு அளவு நாடா வாங்குவதற்குக்கூட மூன்று கடையில் விலை கேட்டுக் கொட்டேசன் எடுக்க வேண்டும். வாங்கிய பொருளுக்கு நம்பர் ஒட்ட வேண்டும். யார் பொறுப்பு, எங்கே இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு மிகவும் வலித்த விதி ஒன்றும் அதில் இருந்தது.

"சொந்தக்காரங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாதுப்பா" என்றாள்.

"சரி, நான் சும்மா தாரேன்."

"சும்மா தந்தாலும் முன்கூட்டியே எழுதிக் குடுத்து அனுமதி எடுக்கணும்."

"பெத்த பிள்ளைக்கு நாலு தகரம் குடுக்க அனுமதியா? உன்னைப் பெக்கறதுக்கு எந்தக் கமிட்டிக்கிட்ட கேட்டோம்?"

உள்ளேயிருந்து என் மனைவி பாக்கியம் குரல் கொடுத்தாள். "கேட்டிருந்தா மூணு கொட்டேசன் எடுக்கச் சொல்லியிருப்பாங்க. நானும் தப்பிச்சிருப்பேன்."

கடைசியில், கருவிகள் வைக்கும் நிலம் மட்டும் என்னுடையது என்று முடிவானது. தெல்தோட்டையில் எனக்கு ஒரு சரிவான துண்டுக் காணி இருக்கிறது. சுகந்தி அதற்கும் எழுதி அனுமதி எடுத்தாள். பெரிய வான் ஒன்றில் கருவிகளோடு பேராசிரியர்கள் சிலரும் வந்தார்கள். சில கம்பிகளை மண்ணுக்குள் புதைத்தார்கள். ஒரு இரும்புக் கம்பத்தின் தலையில் வெள்ளை நிறத்தில் ஒரு பீப்பாவைப் பூட்டினார்கள். அதன் வாய் திறந்தே இருந்தது. கொண்டுவந்தவன் மூடியைக் கடையிலேயே மறந்துவிட்டான் என்று நினைத்தேன். மகளின் பேராசிரியர்கள் முன்னால் சிறுமையாகப் பேசக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயைத் திறந்திருக்க வேண்டும்.

காணிக்காரன் என்ற முறையில் கருவிகளுக்குப் பொறுப்பாளராக நானும் கையெழுத்துப் போட்டேன். போடுவதற்கு முன்னால் என் கடமை என்னவென்று வாசித்துக் காட்டச் சொன்னேன். சுகந்தி தமிழாக்கிச் சொன்னாள். "ஆய்வு நிதியில வாங்கின எல்லாப் பொருளையும் களவு, மிருகம், வெயில், மழை எதாலயும் சேதமாகாமப் பாதுகாக்கணும்."

மழை! அந்தச் சொல் என் காதுக்குள் மணி அடித்தது.

"ஆனா அப்பா, எதையும் தொடாதீங்க. நான் ரெண்டு மாசம் ஜப்பான்ல பயிற்சிக்குப் போறேன். வருஷக் கடைசில கமிட்டி பாக்கும். எல்லாம் ஒழுங்கா இருந்தாத்தான் அடுத்த வருஷத்துக்கு நிதி. இல்லாட்டி இத்தோட மூடிருவாங்க. என் வேலை நிரந்தரமாகறதும் இதுலதான் தொங்குது."

"நீ நிம்மதியாப் போ. அது என் பொறுப்பு" என்றேன். (நான் இப்படிச் சொன்ன எந்தக் காரியமும் நிம்மதியாக முடிந்ததில்லை என்று பாக்கியம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள்.)

அவள் விமானம் ஏறிய கையோடு மழை பிடித்தது. சாதாரண மழையில்லை, தண்ணீரை வாளியில் அள்ளி ஊற்றுவது போன்ற மழை. குடையைப் பிடித்துக்கொண்டு காணிக்குப் போனேன். கம்பத்தின் உச்சியில் அந்த வெள்ளைப் பீப்பா வாயைப் பிளந்துகொண்டு நனைந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் பல்கலைக்கழகத்தின் நம்பர், அதற்குக் கீழே பொறுப்பாளர் என்று என் பெயர். ஊருக்கெல்லாம் கூரை போட்டவனின் காணியில், அவன் மகளின் மெஷின் அநாதை மாதிரி நனைவதா?

மறுநாளே ரவி பாஸைக் கூட்டிக்கொண்டு போனேன். பாஸ் என்றால் எங்கள் ஊரில் கைவேலை மேஸ்திரி; என்னோடு பல வருஷமாகக் கூரை வேலை செய்பவன். அவன் மேலும் கீழும் பார்த்தான்.

"முதலாளி, சுகந்திம்மாவுக்கு ஒரு போன் எடுத்துக் கேட்டுட்டுப் போடுவமா?"

"திரும்பி வந்ததும் பாத்து அசந்து போகணும்டா. கேட்டா எப்படி அசந்து போவா?"

"அப்ப மெஷின்ல முட்டாமப் போடணுமே."

"அவ தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. ஒரு விரல் படக் கூடாது."

படவில்லை. இதை நான் கோயிலில் சத்தியம் செய்யத் தயார். நாலு மூலைக்கும் இரும்புக் குழாய் நட்டு, பீப்பாவுக்கு மேலே தாராளமாக இடம் விட்டு, நல்ல கனமான தகரத்தில் நாலு பக்கமும் சாய்வு வைத்து ஒரு கூரை போட்டோம். சாரல் அடிக்காமல் இருக்க சுற்றிவர ஒரு தாழ்வாரமும் இறக்கினேன். என் தொழில் வாழ்க்கையிலேயே அப்படிக் கச்சிதமாக ஒரு வேலை அமைந்ததில்லை. ஒரு சொட்டு உள்ளே வராது.

உள்பக்கத்தில் வழக்கம்போல, என் பெயரிலேயே இருக்கும் கடைப் பெயரும் தொலைபேசி நம்பரும் பெரிய எழுத்தில் எழுதினேன். (மற்றவர்கள் கூரைக்கு மேலே எழுதுவார்கள். மேலே எழுதினால் காக்கை வாசிக்கும். மழைக்கு ஒதுங்குகிறவன் வேறு வேலையில்லாமல் அண்ணாந்துதான் பார்ப்பான். இது என் தொழில் ரகசியம், யாரும் பின்பற்ற வேண்டாம்.)

சில நாளில் ஜப்பானிலிருந்து சுகந்தி கூப்பிட்டாள்.

"அப்பா, அங்க மழை இல்லையா?"

"மழை இல்லையாவா? பேய் மழைம்மா! ரோட்டுல மண் சரிஞ்சு பஸ் ஓடல."

"இல்ல... கணினில பாத்தா வேற மாதிரி வருது. மெஷின் நல்லாத்தானே இருக்கு?"

"மெஷின் ராஜா மாதிரி இருக்கு. அதப் பத்தி நீ யோசிக்கவே வேணாம்." சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வைத்தேன்.

அந்தக் கருவி ஒரு சிம் கார்ட் வழியாகக் கணக்கை நேராகப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. மலைநாடே மிதந்துகொண்டிருந்த நேரத்தில், என் காணியிலிருந்து நாள் தவறாமல் பூச்சியம், பூச்சியம் என்று போய்க்கொண்டிருந்திருக்கிறது. கருவி பழுது என்று சுகந்தி எழுதினாள். விற்றவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து சோதித்துவிட்டு, கருவியில் குறையில்லை என்று எழுதினார்கள். ஆய்வு நிதிக் கந்தோருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கருவி மலையில்தான் இருக்கிறதா, இல்லை யாருடைய வீட்டு அலுமாரிக்குள்ளாவது இருக்கிறதா? நேரில் பார்க்கக் கமிட்டி வருகிறது என்று கடிதம் வந்தது.

சுகந்தி ஊருக்கு வந்து இறங்கிய மறுநாளே கமிட்டியும் வந்தது. பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. "பொய்க் கணக்குக் குடுத்தேன்னு முடிவு பண்ணிட்டா நிதியும் போச்சு, வேலையும் போச்சுப்பா" என்றாள். நானோ சலவை வேட்டி கட்டிக்கொண்டு, கூரை திறப்பு விழாவுக்குப் போகிறவன் மாதிரி போனேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். கமிட்டித் தலைவி ஒரு சிங்களப் பேராசிரியை, தமிழும் ஓரளவு பேசுவார். மற்றவர் உள்ளகக் கணக்காய்வாளர் தர்மகுலசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நடக்கும் மனிதர். காணிக்குள் ஏறும் ஒற்றையடிப் பாதையில் பாதி தூரம் போயிருப்போம், வானம் பொத்துக்கொண்டது.

"வாங்க வாங்க, ஓடி வாங்க! ஒதுங்க இடம் இருக்கு!" என்று நான்தான் முன்னால் ஓடினேன்.

எல்லோரும் ஓடிவந்து என் கூரைக்குக் கீழே புகுந்தார்கள். நடுவில் கம்பம், உச்சியில் பீப்பா, சுற்றிவர தோளோடு தோள் உரசிக்கொண்டு பல்கலைக்கழகம். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கணக்காய்வாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வேளை, இதொண்டு இருந்தது" என்று கத்தினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பேராசிரியை பீப்பாவைப் பார்த்தார். எட்டி அதன் வாய்க்குள் விரலை விட்டார். விரல் காய்ந்தபடியே வெளியே வந்தது. மெதுவாக அண்ணாந்து பார்த்தார். அங்கே என் கடைப் பெயரும் தொலைபேசி நம்பரும் பளிச்சென்று இருந்தன. சுகந்தியும் அண்ணாந்து பார்த்தாள். கணக்காய்வாளரும் பார்த்தார். என் தொழில் ரகசியம் அப்படி ஒரு வெற்றி கண்டதில்லை.

"முதலாளி," பேராசிரியை என் காதுக்குக் கிட்ட வந்து சத்தமாகக் கேட்டார், "இது என்ன மெஷின், தெரியுமா?"

"தெரியும் மேடம்! மண் சரியறத அளக்கற மெஷின்!"

"இல்லை முதலாளி. இது மழை அளக்கிற மெஷின்!"

நான் பீப்பாவைப் பார்த்தேன். பீப்பா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தது. அதற்கு மூடி இல்லாததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

"அப்பா!" என்றாள் சுகந்தி. அந்த ஒரு சொல்லுக்குள் அவளுடைய நாலு வருஷப் பட்டப்படிப்பும் அதற்குமேல் படித்த படிப்பும் அழுதன.

ஆனால் நான் இலேசில் தோற்கிறவன் இல்லை. "மேடம், சட்டத்துல என்ன எழுதியிருக்கு? மழையிலருந்து பாதுகாக்கணும்னு கையெழுத்து வாங்கினீங்களா இல்லையா? நான் பாதுகாத்தேன். இந்த மழைக்காலத்துல உங்க சொத்துல ஒரு சொட்டு விழுந்திருக்கான்னு நீங்களே விரலை விட்டுப் பாத்தீங்க!"

கணக்காய்வாளர் பைலைத் திறந்து தேடினார். "ஓம் மேடம், அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இந்த விதியை ஒருத்தர் முழுசாக் கடைப்பிடிச்சதை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றார். அதற்குப் பிறகு அவருடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. பேராசிரியை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள்களும் குலுங்கின.

குலுங்கி முடிந்ததும் கணக்காய்வாளர் முகத்தை இறுக்கிக்கொண்டு சுகந்தியிடம் கேட்டார். "பிள்ளை, ஒண்டு சொல்லுங்கோ. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மழைக் கணக்கு எழுதி வைக்கினம். அதை எடுத்து இந்தப் பூச்சியத்துக்குப் பதிலாப் போட்டிருந்தா, நாங்கள் இஞ்ச வந்தே இருக்க மாட்டம். ஏன் போடேல்ல?"

"மெஷின் பூச்சியம்னுதான் சொல்லிச்சு சேர். அது பிழைன்னு எனக்குத் தெரியும், பிழைன்னும் எழுதினேன். ஆனா இல்லாத கணக்கை எப்படி எழுதுறது?"

மழைச் சத்தத்திலும் அது எல்லோருக்கும் கேட்டது. கணக்காய்வாளர் பைலை மூடினார். நான் அந்த நல்ல நேரத்தைப் பயன்படுத்தி இருவருக்கும் என் கடை அட்டையை நீட்டினேன். "இதை நாங்கள் வாங்கக் கூடாது முதலாளி" என்றார் அவர். ஆனால் மழை விடும்வரை இரண்டு மூன்று தடவை அண்ணாந்து பார்த்ததை நான் கவனித்தேன்.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. கூரையைக் கழற்ற வேண்டும். அனுமதியில்லாமல் உறவினர் உதவியதற்கும், பல்கலைக்கழகச் சொத்துக்கு மேலே தனியார் விளம்பரம் எழுதியதற்கும் சுகந்தி விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த மழைக்காலத்துக் கணக்கை ஆய்வில் சேர்க்கக் கூடாது. ஆனால் கணக்கைத் திரிக்காமல் உள்ளதை உள்ளபடி அறிவித்ததால் அடுத்த வருஷத்துக்கும் நிதி உண்டு. வேலையும் பிறகு நிரந்தரமாகிவிட்டது.

கூரை கழன்றது, கதை கழலவில்லை. இன்றைக்கும் வீட்டில் யாராவது குளிக்கப் போனால், "பாத்து, அப்பா வந்து மேல தகரம் அடிச்சிருவாரு" என்பாள் சுகந்தி. நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் பாக்கியம் ரவி பாஸுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். சிரிக்கட்டும்.

எனக்குப் பிரச்சினை வேறு. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதி விதிமுறைகளில் இப்போது புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. மூன்று மொழியிலும் இருக்கிறதாம். "திறந்தவெளியில் இயங்க வேண்டிய அளவைக் கருவிகளுக்கு மேலே, ஆய்வாளரின் உறவினர் உட்பட எவரும் எவ்விதக் கூரையும் அமைத்தலாகாது." நிதி கேட்கிற ஒவ்வொரு விரிவுரையாளரும் அதை வாசித்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்களாம். பெரிய பெரிய பட்டம் வாங்கினவர்களெல்லாம் உட்கார்ந்து எழுதிய விதிமுறையில் அவர்களுக்குத் தோன்றாத வரி அது. தோன்ற வைத்தது யார்?

சுகந்தியின் ஆய்வுக் கட்டுரையும் வெளிவந்துவிட்டது. கடைசியில் நன்றி சொல்லியிருக்கிறாள். நிதி தந்த பல்கலைக்கழகத்துக்கு நன்றி, கமிட்டிக்கு நன்றி, ஜப்பானுக்கு நன்றி, கருவியை விற்றவர்களுக்குக்கூட நன்றி. என் பெயர் இல்லை. கேட்டால், சொந்தக்காரர் பெயரைப் போட்டால் நலன் முரண் என்கிறாள். என் பிள்ளை பொய்க் கணக்கு எழுத மாட்டாள் என்று பல்கலைக்கழகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே என் கூரைதான். சரி, பிள்ளைக்கு விதிமுறை இருக்கிறது, விட்டுவிடுகிறேன். பல்கலைக்கழகத்துக்கு என்ன தடை? இதை வாசிக்கும் பேராசிரியர்களே, அந்தப் புதிய வரிக்குக் கீழே சின்ன எழுத்திலாவது என் பெயரைப் போடுங்கள். மூன்று மொழியிலும் போடுங்கள். எழுத்துக்கூட்டத் தெரியாவிட்டால் கணக்காய்வாளர் தர்மகுலசிங்கத்தைக் கேளுங்கள், தொலைபேசி நம்பரோடு சேர்த்துச் சொல்வார்.